உள்ளங்கைச் சீனி

ஈரலில் கொழுப்பு படிந்து, ஈரலே பெருத்திருக்கிறது என்று சொன்ன பதுளை டாக்டர், "தேத்தண்ணிக்குச் சீனி போடுறீங்களா?" என்று கேட்டார்.

"இல்லைங்க" என்றேன். அது பொய்யில்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் யாரும் தேத்தண்ணிக்குள் சீனி போடுவதில்லை. சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மடக்கு என்றுதான் குடிப்போம்.

"அப்ப சாராயம் குடிப்பீங்களா?"

என் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. அதைச் சொல்வதற்குள், கூட வந்த என் புருஷன் சிரித்துவிட்டான். அன்றாடம் கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தில் ஊறுகிறவன். ஸ்பிரிங்வெளி பஸ்ஸை விட்டு இறங்கியதும் லயத்து வாசலில் நின்று கத்தினான்: "என்னையக் குடிகாரன்னு திட்டுனாளே, இவளுக்குத்தான் ஈரல் வீங்கியிருக்கு!" அன்றிலிருந்து கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் என் வாயை மோந்து பார்க்காததுதான் குறை.

அடுத்த முறை டாக்டர் நான் தின்பதையெல்லாம் கேட்டார். உள்ளங்கைச் சீனியைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டார். குடிக்காதவர்களுக்கும் இது வருமாம். சீனியையும் கோதுமை மா ரொட்டியையும் குறைக்கச் சொன்னார். அதை லயத்தில் எல்லோரிடமும் சொன்னேன். தொண்டை வறண்டதுதான் மிச்சம்.

போன வாரம் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரி தேத்தண்ணி கொண்டுவந்தாள். "குடிய விட்டுட்டீங்களாமே அக்கா, நல்ல காரியம்" என்று மனதாரச் சொல்லிவிட்டு, என் கையைப் பிடித்து விரித்து, வழக்கத்தைவிட ஒரு கரண்டி கூடவே சீனி கொட்டினாள்.