அந்த டிஸ்க்கை அழிக்க விடவில்லை

“இடி. வயர் எல்லாம் கழற்றியாயிற்று. டிஸ்க்கும்.”

போன வருடம் சித்திரைப் பிறப்புக்கு மூன்று நாள் முன், இலங்கை மலையகத்து நமுனுகுலையில் என் நாட்குறிப்பில் எழுதியது அவ்வளவுதான். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இடி கேட்டால் முதல் வேலை வயர்களைப் பிடுங்குவது. கணினி அந்த வெளி ஹார்ட் டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை.

நான் கற்பித்த தோட்டப் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்பை, பிள்ளைகளின் பெயரும் பிறந்த திகதியும் பதிந்த புத்தகத்தை, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில்தான் வைத்திருந்தேன். இடாப்பு மழையில் நனைந்து குப்பைக்குப் போய்விட்டது. வேறு பிரதி எடுக்காதது என் முட்டாள்தனம்.

அடுத்த வாரம் பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பெண் வந்தாள். கொழுந்தெடுப்பவள், நாற்பதைத் தாண்டியவள், அந்தப் பாடசாலையில் படித்தவள். பிறப்புப் பதிவே இல்லை; இப்போதுதான் அதற்கு விண்ணப்பிக்கப் பதிவு அலுவலகம் போயிருந்தாள்.

“வெள்ளிக்கிழமைக்குள்ள பள்ளிக்கூட ரெக்கோட்டக் கொண்டாரச் சொல்றாங்க டீச்சர். இல்லாட்டி நான் பொறக்கவே இல்லையாம். அப்ப இத்தன வருசமா கொழுந்து எடுத்தது பேயா?”

என் பழைய மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ். டிஸ்க் விண்டோஸ் முறையில் அமைந்தது. அதுவரை ஒழுங்காகத் திறந்தது, அன்று மறுத்தது. பதுளையில் ஒரு கணினிக் கடைக்குக் கொண்டுபோனேன்.

“விண்டோஸ் டிஸ்க்க லினக்ஸில போட்டா இப்படித்தான் டீச்சர்,” என்றார் கடைக்காரர். “ரிப்பேர் அடிச்சுப் பார்ப்பம். சரிவராட்டி ஃபோமட். புதுசு மாதிரி வரும்.”

“உள்ள இருக்கிறது?”

“அத மறந்துருங்க.”

“ஒரு எழுத்துகூட இதுல எழுத வேணாம். கழட்டித் தாங்க.”

“சரியான பிடிவாதம்!” என்று சிரித்தார். ஆமாம், பிடிவாதம்தான்.

இரண்டு நாள் தேடித்தேடி வாசித்தேன். லினக்ஸுக்கு இயலாமல் இல்லை. எழுதும்போது பிடுங்கியதால், சரியாக மூடப்படவில்லை என்ற குறி டிஸ்க்கில் விழுந்திருந்தது. மேலும் கெடாதிருக்கவே லினக்ஸ் திறக்க மறுத்திருக்கிறது. வாசிக்க மட்டும் திறக்கச் சொல்லும் கட்டளையை வியாழன் காலை எழுத்தெழுத்தாகத் தட்டினேன். திறந்தது. எல்லாவற்றையும் இன்னொரு டிஸ்க்கில் பிரதியெடுத்த பிறகே அவள் பெயரைத் தேடினேன். இருந்தது.

பாடசாலை அதிபர் அந்தப் பக்கத்தின் அச்சுப் பிரதியில் கையொப்பமிட்டார். வெள்ளிக்கிழமை அவள் அதைப் பதிவு அதிகாரியின் மேசையில் வைத்து, “இப்ப பொறந்துட்டேனா சேர்?” என்று கேட்டாள். அவர் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டார்.

ஒரு மனுஷிக்கு இருக்கும் ஒரே சாட்சியத்தை, எவ்வளவு தெரிந்தவர் சொன்னாலும், இனி அழிக்க விடமாட்டேன். இடாப்பில் அவள் பிறந்த திகதி ஜனவரி ஒன்று. அதே பக்கத்தில் இன்னும் பலருக்கும் அதே திகதிதான்; தெரியாதபோது அப்படி எழுதினார்கள் போலும். தீபாவளி மழையில் பிறந்ததாக தன் அம்மா சொல்வார் என்கிறாள் அவள். எது சரியென்று இன்னும் உறுதிசெய்ய முடியவில்லை.