மூன்று நாள் வயது ரோகு மீன் குஞ்சுகளோடு பேரையூருக்கு

பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். புரியாததைப் புரிந்ததாகக் காட்டப் போவதில்லை.

காலாண்டு விடுமுறையில் அத்தையோடு மீன் குஞ்சு வாங்கப் போனேன். பேரையூர் பக்கம் அத்தைக்கும் மாமாவுக்கும் பண்ணைக்குட்டை இருக்கிறது. போன முறை மாமா விரல் நீளக் குஞ்சுகளை வாங்கி வளர்த்தார். இம்முறை பொரித்த குஞ்சுகளையே வாங்கி, விரல் நீளம் வளர்த்து, மற்ற குட்டைக்காரர்களுக்கு விற்பது அத்தையின் திட்டம். இது பலிக்காவிட்டால் குட்டையை மூடிவிட்டுத் திருப்பூர் வேலைக்குப் போய்விடுவதாக மாமா சொல்லிவிட்டார். அத்தைக்கு அதில் துளியும் விருப்பமில்லை.

மதுரைக்கு வெளியே உள்ள பொரிப்பகத்தில் முட்டைகளைப் பார்த்தேன். ஊறிய ஜவ்வரிசி போல இருந்தன. உள்ளே ஒரு கோடு துடித்தது. பொரித்த குஞ்சுக்கு வாய்கூடச் சரியாகத் திறக்காதாம். வயிற்றோடு ஒட்டிய மஞ்சள் கருதான் மூன்று நாள் சாப்பாடு. அது தீரும் வயதில்தான் விற்கிறார்கள்.

காலை பத்தரைக்குப் பேருந்து. திருமங்கலம், டி. கல்லுப்பட்டி வழியாகச் சுமார் ஐம்பது கிலோமீட்டர். வாங்கிய குஞ்சுகள் இருந்த, காற்றடைத்த பிளாஸ்டிக் பையை ஈரச்சாக்கில் சுற்றி மடியில் வைத்திருந்தோம்.

நடத்துனர் குனிந்து பார்த்தார். "என்னக்கா, வெறும் தண்ணியத் தூக்கிட்டு வாரீக?"

"உள்ள இருபத்தஞ்சாயிரம் மீன் இருக்குண்ணே."

"ஆத்தாடி! அம்புட்டுக்கும் டிக்கெட் கிழிச்சா என் கை என்னாகுறது?"

இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகட்டும் என்று குட்டையில் பையை அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பிறகு திறந்து குஞ்சுகளை விட்டோம். பொழுது சாய்ந்ததும் மாமா தண்ணீருக்கு மேலே தொங்கிய இரண்டு குண்டு பல்புகளைப் போட்டார். பூச்சிகள் மொய்த்து விழுந்தன.

"நல்லாத் தின்னட்டும். போன தடவ இதத் தின்னுதான் கொழுத்துச்சுக," என்றார்.

நான் ஒரு வெள்ளைத் தட்டில் தண்ணீர் அள்ளினேன். விளக்குக்கு வந்து விழுந்தவற்றில், மல்லாந்து நீந்தும் பூச்சியொன்று ஒரு குஞ்சைக் கட்டிப்பிடித்திருந்தது. குஞ்சு அசையவில்லை.

"மாமா, போன தடவ விட்டது பூச்சிய விடப் பெருசு. இது பூச்சிய விடச் சிறுசு. இப்ப பூச்சிதான் இதத் தின்னுது."

"புஸ்தகத்துல போட்டிருக்கோ?"

"தட்டுல இருக்கு மாமா."

மாமா தட்டை வாங்கினார். இதை எழுதும்போதும் அதையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஒரே குட்டையில், ஒரே பூச்சி, ஒரு வயதில் எமன், இன்னொரு வயதில் இரை. மீனைப் பற்றித் தெரியும் என்று சொன்னால் போதாது, எந்த வயது மீன் என்றும் கேட்க வேண்டும் போல.

குஞ்சு வாங்கப் போகிறவர்களுக்கு: வயதைக் கேட்டு வாங்குங்கள். வெயிலுக்கு முன் கிளம்புங்கள். விடுவதற்கு முன்பே குட்டையைத் துணிவலையால் அரித்துப் பூச்சிகளை எடுத்துவிடுங்கள், நாங்கள் எடுக்கவில்லை. எத்தனை பிழைக்கும் என்று எனக்குத் தெரியாது.

மாமா எழுந்து, சுவிட்ச் இருக்கும் மோட்டார் அறைப் பக்கம் போகிறார். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மாமா விளக்குகளை அணைத்துவிட்டார்.