லாக்லன் பிரி சொன்ன பொய்யும் எட்டு கஜத் துணியும்

லாக்லன் பிரிக்கு ஓரிடத்தில் கால் தரிக்காது. ஸ்காட்லாந்தின் பெர்த் நகரக் கடைத்தெருவில், ஆண்கள் இடுப்பில் கட்டும் கொசுவப் பாவாடையான கில்ட் தைக்கும் கடையில் நாங்கள் வேலை பார்த்தோம்; அவன் அளவெடுப்பவன். நான், நெட்டா, மாடியில் உட்கார்ந்து கொசுவம் பிடித்துத் தைப்பவள். அவன் ஏணியில் ஏறுவான், இறங்குவான், அடுக்கிய துணியையே மறுபடி அடுக்குவான். பார்க்கிற எனக்குத் தலை சுற்றும்.

அங்கே ஒவ்வொரு குலத்துக்கும் தனிக் கட்டம் போட்ட துணி உண்டு. யாராவது குடும்பப் பெயரைச் சொன்னால் போதும். இன்ன குலம், இன்ன கட்டம் என்று உடனே துணியை விரித்துவிடுவான். கல்லாவுக்குப் பின்னால் பெயர்ப் பட்டியல் புத்தகம் ஒன்று உண்டு. அதில் இல்லாத பெயருக்கும் அவனிடம் பதில் இருக்கும். "உங்க முன்னோர் அந்தக் குலத்தை அண்டி வாழ்ந்தவங்க" என்று கூசாமல் சொல்வான். நான் முறைத்தால் சிரிப்பான்.

"பல கட்டத்துக்கு மில்லுக்காரன் முதல்ல வெறும் நம்பர்தான் போட்டிருந்தான், நெட்டா. குலத்துப் பேரு அப்புறம் ஒட்டினது. அவன் ஒட்டினா சரித்திரம், நான் ஒட்டினா பொய்யா?"

1986 ஏப்ரலில் இனா ஃப்ரையார்டன் வந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை, வயது ஐம்பத்தைந்து. தனி ஆளாக வளர்த்த மகன் கிரெகருக்கு இரண்டு வாரத்தில் கல்யாணம். பெண் வீட்டார் ராபர்ட்சன்கள். ஆண்கள் அத்தனை பேரும் சிவப்புக் கட்டத்தில் வந்து நிற்பார்கள்.

"எம் பையனும் அவன் குலத்துக் கட்டத்துல நிக்கணும். ஃப்ரையார்டனுக்கு எதுங்க?"

"முர்ரே" என்றான் லாக்லன், புத்தகத்தைத் தொடாமலே.

"முர்ரேயா? நெசமாவா?" இரண்டு தடவை கேட்டாள். அவள் முகம் அப்படி மலர்ந்தது. எட்டு கஜத் துணியை அன்றே வெட்டினோம்.

கல்யாண வாரத் திங்கட்கிழமை காலுறை வாங்க வந்தார் பெண்ணின் அப்பா டங்கன் ராபர்ட்சன், பழைய பட்டாளத்துக்காரர். "மாப்பிள்ளை முர்ரேயாமே! ஃப்ரையார்டன்கிறது ஆத்தோரம் இருக்கிற இடமாச்சே? எந்த வழி முர்ரேன்னு அந்தம்மாவைக் கல்யாணத்தன்னைக்கே கேக்கணும்."

அவர் போனதும் லாக்லன் மாடிக்கும் கீழுக்குமாக அலைந்தான். ஜன்னலைத் திறந்தான், மூடினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தனை பேர் முன்னாடி அவ வாயடைச்சு நிக்கணுமா? போய்ச் சொல்லித் தொலைய்யா!"

மறுநாள் அவனை இழுக்காத குறையாகப் பள்ளிச் சமையலறைக்குக் கூட்டிப்போனேன். இனா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, முர்ரேன்னது நானாக் கட்டிவிட்டது. புத்தகத்துல உங்க பேரே இல்ல."

"எப்படி இருக்கும்?" அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஃப்ரையார்டன்ல தண்டவாளத்தோரம் கெடந்த கைப்புள்ள நான். அநாதை இல்லத்துல எனக்கு வச்ச பேரு அது. நீங்க சொன்னதும், யாரோ எங்கயோ நம்மள எழுதி வச்சிருக்காங்கன்னு நம்பிட்டேன்."

லாக்லனை அங்கேயே அறைந்திருப்பேன்.

"ராபர்ட்சன்கிட்ட நான் பேசிச் சமாளிச்சுடறேன்" என்றான் லாக்லன்.

"வேணாங்க. அடுத்தவங்க வச்ச பேரை அம்பத்தஞ்சு வருஷம் சுமந்தாச்சு. எம் புள்ள இடுப்புல இன்னொண்ணு வேணாம்."

குலம் இல்லாதவர்களுக்கு ஊர்க்கட்டம் உண்டு. எங்கள் மாவட்டமான பெர்த்ஷயரின் துணி அலமாரியிலேயே இருந்தது. இருந்தும், அன்றைக்கு அவன் கை முர்ரேயை எடுக்கத்தான் நீண்டிருக்கிறது. மூன்றே நாளில் புதிதாக ஒரு கில்ட் தைத்தேன். விரல் நுனியெல்லாம் ஊசிக்குத்து. அவன் தேநீர் கொண்டுவந்து கொண்டுவந்து என் உயிரை வாங்கினான்.

சனிக்கிழமை இனா அழைத்து நாங்களும் கல்யாணத்துக்குப் போயிருந்தோம். தேவாலய வாசலில் கிரெகரைப் பார்த்ததும் ராபர்ட்சன் புருவத்தைத் தூக்கினார்.

"இது முர்ரே இல்லையே! எந்தக் குலத்துதும்மா?"

எல்லோரும் திரும்பினார்கள். லாக்லன் வாயைத் திறந்தான். நான் அவன் காலை மிதித்தேன்.

"குலம் கிடையாதுங்க. இது ஊரோடது" என்றாள் இனா. "என்னப் பெத்தவங்க போட்டுட்டுப் போனாங்க. இந்த ஊருதான் எடுத்துச்சு."

ராபர்ட்சன் அவளைப் பார்த்தார், கிரெகரைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார். பிறகு அவள் பக்கம் வந்து, கைகோத்து நடக்க முழங்கையை நீட்டினார்.

"உள்ள போலாம், வாங்க சம்பந்தி."