படி கேட்டோம், பூச்சட்டி தந்தார்கள்

எங்கள் ஊரில் எந்த இடத்தைத் திருத்த வேண்டும், எதை அடுத்த வருசத்துக்குத் தள்ள வேண்டும் என்று எப்படி முடிவு செய்கிறார்கள் தெரியுமா? கார் கண்ணாடி வழியாகப் பார்த்துத்தான். கார் போகிற இடம் கண்ணில் படும். கண்ணில் பட்டால் காசு வரும். கண்டி வாவி ஓரத்தில் நன்றாக இருந்த நடைபாதைக் கல்லைப் பெயர்த்துவிட்டு வேறு கல் பதித்தார்கள். பழைய கல் என்ன பாவம் செய்தது என்று யாராவது கேட்டார்களா? பெரஹெரா வருகிறதென்றால் ஊர்வலம் போகிற தெருவுக்கெல்லாம் அவசர அவசரமாகத் தார் ஊற்றுவார்கள். ஊற்றட்டும், நானும் அந்தத் தெருவோரம் பாய் போட்டு உட்கார்ந்து பெரஹெரா பார்க்கிறவள்தான். ஆனால் கார் ஏறாத இடத்திலும் மனுசர்தான் இருக்கிறோம்.

அம்பிட்டிய ரோட்டிலிருந்து மலைக்கு ஏறுகிற எங்கள் லேனில் ரோடே கிடையாது, வெறும் படிக்கட்டுத்தான். மேலே கடைசி வீடு எங்களுடையது. என் வீட்டுக்காரர் டவுனில் துணிக்கடையில் வேலை பார்த்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டிய வீடு. கால் நன்றாக இருந்த காலத்தில் சிமெந்து மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறுவார், பேச்சும் நிற்காது. பிறகு சீனி வருத்தம், அதுதான் சர்க்கரை நோய், வந்து ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. மருந்து கட்ட அடிக்கடி பேராதனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

கொண்டுபோவது எப்படி? பிளாஸ்டிக் கதிரையில் உட்காரவைத்து, கீழ் வீட்டு முஸ்லிம் அண்ணன், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவர், அவரும் லேனில் இருக்கிற இன்னும் மூன்று பேரும் தூக்குவார்கள். நானா டவுனில் சாமான் கடை வைத்திருக்கிறவர். கடை திறக்கப் பிந்தினாலும் தூக்க வராமல் இருந்ததில்லை, அந்த மனுசன் நல்லா இருக்கட்டும். சிக்கல் பாதி வழியில். அங்கே மழைத்தண்ணீர் ஓடுகிற கான் படிக்கட்டுக்குக் குறுக்கே அடியால் போகிறது. ஒரு பெருமழையில் அதை மூடியிருந்த கொங்கிரீட் சிலாப் உடைந்து உள்ளே விழுந்தது. கால் நல்லாயிருக்கிறவன் தாண்டிப் போய்விடுவான். கதிரையில் மனுசனை வைத்துத் தூக்குகிறவன் எப்படித் தாண்டுவான்? அந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரர் கண்ணை மூடிக்கொள்வார்.

அந்த ஒரு சிலாப்பைத்தான் கேட்டோம். மாடி கேட்கவில்லை, பாலம் கேட்கவில்லை. மாநகர சபைக்குப் போன், கடிதம், நேரில் போய் நிற்கிறது, எல்லாம் செய்தாயிற்று. "மேலிடத்துக்குச் சொல்லியிருக்கு" என்பார்கள். அந்த மேலிடம் எங்கள் வீட்டை விட உயரத்தில் இருக்கும் போல, எங்கள் குரல் அங்கே ஏறவேயில்லை.

கடைசியில் ஒரு நாள் தகவல் வந்தது. அடுத்து எந்தெந்த லேனில் வேலை செய்வது என்று முடிவெடுக்கப் சபையின் பெரிய மாத்தயா, அதாவது பெரிய ஐயா ஒருவர் நேரிலேயே வந்து பார்க்கப்போகிறாராம். லேனே குதித்தது. இனித்தான் கூத்து.

எங்கள் ஆட்களின் குணம் உங்களுக்குத் தெரியாததல்ல. வீட்டுக்கு ஆள் வருகிறதென்றால் கிழிந்த செற்றியின் மேல் நல்ல துணியைப் போடுவோம், அலுமாரியில் பூட்டி வைத்த கோப்பையை வெளியே எடுப்போம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் என்று வித்தியாசமே இல்லை, இதில் எல்லோரும் ஒரு தாய் மக்கள். அன்றைக்கு முழு லேனையும் அப்படித்தான் ஆக்கினோம். படியெல்லாம் கழுவினோம். ஓரத்துக்கு வெள்ளை அடித்தோம். கீழே மாவிலைத் தோரணம். ஓட்டைக்கு என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது நானா சொன்னார்:

"பெரிய மனுசன் வாற நேரம் கால் தடுக்கி விழுந்தாரெண்டா எங்களுக்குத்தானே வெக்கம், தங்கச்சி. பலகை போட்டு மூடுவம்."

கடையிலிருந்து பலகை கொண்டுவந்து போட்டார். பலகை தெரிகிறது, பார்க்க அசிங்கம் என்று யாரோ அதன்மேல் பாயையும் விரித்துவிட்டார்கள். பார்த்தீர்களா புத்தியை? எதைக் காட்டக் கூப்பிட்டோமோ அதையே மூடி வைத்தோம்! நானும் சும்மா இருக்கவில்லை. வீட்டுக்காரருக்கு இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, வாசலில் உட்காரவைத்து, வெட்டின காலை டவலால் மூடினேன்.

மாத்தயா வந்தார். பாயில் மிதித்து ஏறினார். ஒவ்வொரு வாசலிலும் நின்று கும்பிடு வாங்கினார். நானா வீட்டில் வட்டிலப்பம், எங்கள் வீட்டில் கேக்கும் டீயும். "ஏதாவது பிரச்சினை இருக்கா?" என்று கேட்டார். கேட்டாரே, கேட்கவில்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். நாங்கள் என்ன சொன்னோம்? "பெரிசா ஒண்ணும் இல்ல மாத்தயா, நடுவுல அந்தப் படிதான் கொஞ்சம்..." என்று இழுத்தோம். வந்த மனுசன் முகத்துக்கு நேரே குறை சொல்ல எங்கள் வாய்க்கு வராது, தொலைந்துபோன வாய். "எந்தப் படி?" என்று திரும்பிப் பார்த்தார். பாய்தான் தெரிந்தது. "ஹரி லஸ்ஸனய்" என்றார், ரொம்ப அழகாம். எல்லா லேனும் இப்படி இருந்தால் ஊர் எப்படி இருக்கும் என்று கூட வந்தவர்களிடம் சொல்லிக்கொண்டே இறங்கினார்.

அவரை மட்டும் சும்மா விட முடியுமா? எங்கள் மேல் எனக்கு எவ்வளவு கோபமோ அதைவிடப் பத்து மடங்கு அவர் மேல். படித்த மனுசன். வருசக்கணக்காக நாங்கள் எழுதிய கடிதம் அவர் கையில் இருக்கிறது. பாயைக் காலால் தள்ளிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஊரை அளக்க வந்தவர் டீயைக் குடித்துவிட்டா போவார்?

முடிவு வந்தது. எங்கள் லேன் நன்றாகப் பராமரிக்கப்படுகிற லேனாம். அதனால் படிக்கட்டு வேலையில் நாங்கள் கடைசி. ஆனால் எங்களைப் பாராட்டி இரண்டு பக்கமும் பூச்சட்டி வைத்து, சுவரில் சித்திரம் வரைந்து, கீழே ஒரு போர்டும் போடப்போகிறார்களாம். கேட்டதும் நான் சிரித்தேன். அப்படி ஒரு சிரிப்பு, நானா பயந்தே போனார்.

பலகை போட்டபடியே கிடந்தது. தூக்குகிறவர்களுக்கும் அது வசதியாக இருந்ததால் யாரும் எடுக்கவில்லை. மழை விடாமல் பெய்த ஒரு காலை, கிளினிக்குக்கு இறக்கிக்கொண்டிருந்தபோது ஊறிப்போன பலகை முறிந்தது. முன்னால் பிடித்திருந்த நானாவின் கால் உள்ளே போனது. கதிரை சாய்ந்தது. என் வீட்டுக்காரர் தலைகீழாகக் கானுக்குள் விழுந்தார். நான் லேன் அதிரக் கத்தினேன். இடுப்பு எலும்பு உடைந்துவிட்டது. நானா நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வந்து என் முன்னால் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "நீங்க ஏன் அழணும் நானா, அழ வேண்டியவன் வேற" என்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார், இனி இவரைப் படியில் தூக்கவே கூடாது என்று. ஆகவே அவர் வீட்டுக்கு வரவில்லை. கம்பளையில் அவருடைய தங்கச்சி வீடு ரோட்டோரம், ஆட்டோ வாசலிலேயே நிற்கும். அங்கே முன்னறையில் படுத்திருக்கிறார். நான் மேலே வீட்டையும் பார்த்துக்கொண்டு, கம்பளைக்கும் அலைந்துகொண்டு இருக்கிறேன். சொந்த ஊரில் சொந்த வீடு இருக்கிற மனுசன் அடுத்த ஊரில் தங்கச்சி வீட்டில் விருந்தாளி.

பூச்சட்டிகள் மட்டும் சொன்ன தேதிக்கு வந்துவிட்டன. சுவரில் மயில் வரைந்தார்கள். போர்டு திறக்க ஒரு நாளும் குறித்து எனக்குப் போன் போட்டார்கள். லேனில் மூத்தவர் என்பதால் என் வீட்டுக்காரரும் படத்தில் நிற்க வேண்டுமாம். நிற்க வேண்டுமாம்!

"சரி, வந்து தூக்கிட்டுப் போங்க. அன்னைக்கு டீ குடிச்ச மாத்தயாவே ஒரு பக்கம் புடிக்கட்டும்" என்றேன்.

படி வேலையை அடுத்த முறை கட்டாயம் சேர்க்கிறோம், இந்த முறை ஒதுக்கீடு எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டு வைத்தேன். என்ன சொன்னேன் என்று எழுத முடியாது. போர்டு திறந்த அன்று லேனில் ஒரு வீட்டிலும் டீ போடவில்லை. அதற்கு மட்டும் என் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

கம்பளைக்குப் போகும்போதெல்லாம் அவர் முதலில் கேட்பது, "இந்தா, படி போட்டுட்டாங்களா?" என்பதுதான். நான் சாப்பாட்டைப் பிரித்துக்கொண்டே, இப்பப் போடுவாங்க, அப்பப் போடுவாங்க என்று ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன். போன ஞாயிற்றுக்கிழமை அவர் அதைக் கேட்கவேயில்லை. சோற்றைப் பிசைந்து கொடுத்தேன், சாப்பிட்டார். கை கழுவத் தண்ணீர் ஊற்றும்போது, "அந்த வீட்ட வித்துரு புள்ள" என்றார்.