நான் அடிச்ச ஒட்டடை

எழுத்து கோணலா இருக்கும், மன்னிச்சுக்கோங்க. அஞ்சாவதோட நின்னவ நான், மறதியும் ஜாஸ்தி.

எண்ணூர்ல எங்க வூட்டுக்குள்ள தினமும் அனல்மின் நிலையத்து சாம்பல் படியும். துடைச்சு துடைச்சே என் கை தேஞ்சுபோச்சு. இதுல என் மவ கண்ணாடிப் பெட்டியில ஒரு பெரிய சிலந்தி வளர்க்குறா. மரத்துல வாழுற ஜாதியாம். முதுகு பச்சையா மினுக்கும், வயிறு சிவப்பு. பெட்டி முழுக்க வெள்ளையா ஒட்டடை. "இன்னாடி இந்த கலீஜ்?"னு கேட்டா, "உன் வேலையப் பாரும்மா"ம்பா.

ஒட்டடை இருந்தா மூதேவி தங்குவான்னு சொல்லுவாங்க. போன வெள்ளிக்கிழமை மவ தண்டையார்பேட்டை குடோனுக்கு வேலைக்குப் போனதும், பயந்துகினே கரண்டியால சிலந்தியை ஒதுக்கிட்டு, பழைய பிரஷால பெட்டியைச் சுத்தமா சுரண்டிட்டேன். மவ மெச்சுவான்னு காத்துகினு இருந்தேன்.

வந்து பார்த்தவ கத்தல. கையில இருந்த பையைக்கூட கீழ வைக்கல. "அது ஒட்டடை இல்லம்மா, அதோட வூடு. ரெண்டு மாசமா கட்டுச்சு"ன்னா. அவ்ளோதான்.

அஞ்சு நாளா சிலந்தி ஒரு மூலையில காலைச் சுருக்கிக்கினு கீது. போட்ட பூச்சியைத் தொடல. மவளும் என்கிட்ட பேசல. என்மேலயே எனக்கு எரிச்சலா வருது. இத்தினி வருசமா ஒட்டடை அடிச்சவ, உள்ள யார் குடியிருக்காங்கன்னு ஒருநாளும் பார்த்ததில்ல.

நிறம், நாள் கணக்கெல்லாம் தப்பா எழுதியிருப்பேன். தெரிஞ்சவங்க யாராச்சும் சரிபார்த்து, அது மறுபடி கட்டுமான்னும் சொல்லுங்க. மவகிட்ட கேக்க கூச்சமா கீது.