கப்பல் பாதையில் நின்றவள்

மலாய் நாட்டின் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகக் கூலி லயங்களில் வீரம்மாவைத் தெரியாதவர்கள் குறைவு. கணவன் கன்னையா ரயில்வே கொட்டகையில் மூட்டை தூக்கினான். அவள் சேற்றுத் திட்டுகளில் சிப்பி பொறுக்கிக் கிள்ளான் பாசாரில் விற்றாள். மலாய் மீனவர் ஒருவரிடம் வாங்கிய பழைய சம்பான் படகு அவர்களுக்கு இருந்தது. துடுப்பு எப்போதும் வீரம்மா கையில்தான். கன்னையாவுக்குத் தண்ணீர் என்றால் பயம். அதை அவன் மறைத்ததும் இல்லை.

1926இல் அமாவாசையை ஒட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை. கடல் நன்றாக வற்றியிருந்த நண்பகல். சிப்பிக் கூடைகளோடு தீவுகளுக்கு நடுவே இருவரும் திரும்பிக்கொண்டிருந்தபோது சம்பான் மெல்ல உரசி நின்றுவிட்டது. வீரம்மா துடுப்பைச் செங்குத்தாக இறக்கிப் பார்த்தாள். ஒரு முழத்தில் தரை தட்டியது. சேலையை வரிந்துகொண்டு இறங்கினாள். முழங்காலளவு தண்ணீர், பாதத்துக்கடியில் இறுகிய மணல்.

நிமிர்ந்து சுற்றிலும் பார்த்தவளுக்கு இடம் புரிந்தது. போன தீபாவளி சமயத்தில் மூன்றடுக்குக் கப்பல் ஒன்று இந்த இடத்தின் வழியாகத்தான் போயிற்று. அவளே பார்த்தாள். இப்போது அந்தக் கப்பலின் வயிறு நகர்ந்த இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு மழைக்காலத்துக்குள் கடல் தன் அடியில் ஒரு மேட்டையே கட்டி எழுப்பியிருந்தது.

கன்னையா ஏறு ஏறு என்று கத்தினான். அவள் அவசரப்படவில்லை. துறைமுகத்துக் கொடிக்கம்பம் தீவு முனையிலிருந்த பட்டமரத்துக்கு நேராகத் தெரிந்தது. மறுபக்கம், தண்ணீர்த் தொட்டி கிடங்குக் கூரையின் இடது ஓரத்தைத் தொட்டது. இரண்டையும் மனதில் வாங்கிக்கொண்டுதான் ஏறினாள்.

பெரிய இடத்து விவகாரம் நமக்கெதற்கு என்று கரை சேரும்வரை கன்னையா சொல்லிக்கொண்டே வந்தான். கடைசியில் அவள் வாய் திறந்தாள்.

“பத்து நாள்ல நாகப்பட்டணத்துக் கப்பல் வருது. ஆயிரம் சனம் இருக்கும். போய்ச் சொல்லிட்டு வந்துடுவோம்.”

மறுநாள் காலை அவளைத் துறைமுக அலுவலகத்துக்கு அழைத்துப் போனவன் கன்னையாதான். ஆனால் வாசலோடு நின்றுகொண்டான்.

அங்கே கணக்கெழுதும் கிராணி கார்த்திகேசு இருந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டதும் நம்பவில்லை. ஆனாலும் ஒரு பெரிய தாளை எடுத்து மேசையில் விரித்தார். வீரம்மா கடல் வரைபடத்தை அன்றுதான் முதலில் பார்த்தாள். தீவுகள், ஆற்றின் வாய், கொடிக்கம்பம் எல்லாம் பருந்தின் கண்ணுக்குத் தெரிவதுபோலக் கிடந்தன. தண்ணீர் முழுக்க எறும்புக் கூட்டமாக எண்கள். ஒவ்வோர் எண்ணும் அந்த இடத்தின் ஆழம் என்று அவர் சொன்னதும் அவள் தாளை நெருங்கிக் குனிந்தாள். கண்ணுக்குத் தெரியாத கடலடியை யாரோ அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்து எழுதியிருக்கிறார்கள்.

“நீர் சொல்லுற இடத்தில நாலு பாகம் தண்ணி எண்டு கிடக்கு. நாலு ஆள் ஆழம்.”

“அங்கதான்யா முழங்கால் தண்ணியில நின்னேன்.”

இடம் எப்படித் தெரியும் என்று கேட்டார். கம்பத்தையும் பட்டமரத்தையும், தொட்டியையும் கூரை ஓரத்தையும் சொன்னாள். அவர் அளவுகோல் வைத்துப் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தார். கப்பல் பாதையின் நடுவில் அவை வெட்டிக்கொண்டன. கார்த்திகேசு பென்சிலைக் கீழே வைத்தார். பிறகு தாளைச் சுருட்டிக்கொண்டு துறைமுகத்து வெள்ளைக்காரத் துரையின் அறைக்கு ஓடினார்.

இரண்டாம் நாள் ஆழம் அளக்கும் படகில் வீரம்மாவையும் ஏற்றிக்கொண்டார்கள். கயிற்றில் கட்டிய ஈயக்குண்டை மாலுமி போட்டுப் போட்டு இழுத்தான். நாலு பாகம், நாலு, மூன்றரை. அவள் கைகாட்டிய இடத்தில் குண்டு உடனே தரை தட்டி, கயிறு துவண்டு விழுந்தது. துரை தொப்பியைக் கழற்றிவிட்டுத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரமே அங்கு ஒரு சிவப்பு மிதவை வந்தது.

நாகப்பட்டணத்துக் கப்பல் காலையில் வந்தது. சம்பானில் இருந்தபடி இருவரும் பார்த்தார்கள். மலைபோன்ற கறுப்பு உடல் மேட்டை நோக்கி நேராக வந்து, மெதுவாகத் திரும்பி, மிதவையை ஒதுக்கிக் கடந்து போயிற்று. தளமெங்கும் தலைகள். குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒருத்தி கரையைக் காட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். காலுக்குக் கீழே இருந்தது எதுவும் அவர்களுக்குத் தெரியாது. அலையில் சம்பான் ஆடியது. கன்னையா பலகையைப் பிடிக்க மறந்து நின்றான். வீரம்மா துடுப்பை மடியில் போட்டுவிட்டு இரு கைகளையும் கூப்பினாள், கப்பலுக்கா கடலுக்கா என்று அவளுக்கே தெரியாமல்.

அதன்பிறகு கடல் நன்றாக வற்றும் ஞாயிறுகளில் இருவரும் ஆழம் பார்க்கப் போனார்கள். பாகத்துக்கு ஒரு முடிச்சாகக் கன்னையாவே கயிறு முடிந்தான். பார்த்ததைக் கார்த்திகேசு எழுதி மேலே அனுப்பினார். யாரும் ஏவவில்லை, இவர்களும் கூலி கேட்கவில்லை. இரண்டு மலாய் மீனவர்களும் ஒரு சீனத் தோங்காங் படகுக்காரரும் சேர்ந்துகொண்டார்கள்.

இரண்டாண்டு கழித்துச் சீமையிலிருந்து புதிய வரைபடம் வந்தது. கார்த்திகேசு ஆளனுப்பி அவளைக் கூப்பிட்டார். பழைய நாலு இருந்த இடத்தில் மேட்டைக் காட்டப் புள்ளிகளாலான சிறு வளையம். இந்தத் தாள் எங்கெல்லாம் போகும் என்று வீரம்மா கேட்டாள்.

“கொழும்பு, பம்பாய், லண்டன். இந்தக் கடலுக்கு வாற கப்பல் எல்லாத்திலயும் இருக்கும்.”

அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, வளையத்தை விரல்நுனியால் தொட்டாள். அடுத்த ஞாயிறு கயிறு போட்டபோது, மேடு அந்த வளையத்தைவிட்டு இருபது பாக தூரம் தெற்கே நகர்ந்திருந்தது.