ஒரே அரிசி, இரண்டு தண்ணீர்

அலங்காநல்லூருக்கு வடக்கே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் பதினோரு வருடமாகச் சத்துணவு சமைப்பவள் தமிழ்வாணி. உப்பு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. அந்த ஆடி மாதம் ஒரு திங்கட்கிழமை, சோறு திடீரென்று மஞ்சளாக வெந்தது. ஒரு வாடையும் அடித்தது. வியாழக்கிழமைக்குள் பாதிப் பிள்ளைகள் தட்டை அப்படியே கவிழ்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை செல்வக்குமார் நாலைந்து பேரோடு சமையல்கூட வாசலில் நின்றார். அவர் மகள் முத்துமீனா அங்கே ஏழாம் வகுப்பு.

"நல்ல அரிசியக் கடத்திட்டு, கெட்டதப் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போடுறியா? சமைக்க வேற ஆளே இல்லையா இந்த ஊருல?"

கடைசிக் கேள்வி அரிசியைப் பற்றியது அல்ல. காலனிக்காரி ஒருத்தி பள்ளியில் சமைப்பது அவருக்கு முதல் நாளிலிருந்தே ஆகாது.

தமிழ்வாணி அவசரமாகப் புது மூட்டையைப் பிரித்தாள். எதற்கும் இருக்கட்டும் என்று தன் வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீரும் சுமந்து வந்தாள். சோறு வெள்ளை வெளேரென்று வெந்தது.

"பாத்தீகளா! மூட்டைய மாத்துனதும் வெளுத்துருச்சு. அப்பப் பழைய மூட்டையில என்னத்தக் கலந்தா?" என்றார் செல்வக்குமார்.

திங்கட்கிழமை சத்துணவு அதிகாரி வந்து விசாரிப்பார், அதுவரை அடுப்பைத் தொட வேண்டாம் என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

அறிவியல் ஆசிரியை சரண்யாதேவி அவளைத் தேடி வந்தார். "அக்கா, அரிசி, தண்ணி ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டீங்க. எதுனால வெளுத்துச்சுன்னு எப்படிச் சொல்றது?"

தமிழ்வாணி நிமிர்ந்தாள். போன சனிக்கிழமைதான் பள்ளிக்குப் புது ஆழ்துளைக் கிணறு போட்டு, போர்த் தண்ணீர் இணைப்பு வந்தது. "அப்ப அரிசி அதே இருக்கட்டும் டீச்சர். தண்ணிய மட்டும் மாத்திப் பாப்போம்."

"இதத்தான் இந்த வாரம் பாடமா நடத்துறேன். நாம வேணும்னு மாத்துறது சார்பற்ற மாறி, அது தண்ணி. அதுக்கேத்தபடி மாறுறது சார்ந்த மாறி, அது சோத்தோட நிறம். மத்தது எதுவும் மாறக் கூடாது."

திங்களன்று அதிகாரி முன்னால் ஒரே அளவில் இரண்டு சட்டிகள். இரண்டிலும் பழைய மூட்டை அரிசி, சட்டிக்கு ஓர் உழக்கு. ஒன்றில் போர்த் தண்ணீர், மற்றதில் தமிழ்வாணி வீட்டுக் குழாய்த் தண்ணீர். தன் கையாலேயே அளந்து ஊற்றுவேன் என்று செல்வக்குமார் பிடிவாதம் பிடித்தார், ஊற்றினார். முத்துமீனா கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர் கொதித்தது. தமிழ்வாணி மூடிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிஜமாகவே அரிசிதான் கெட்டிருந்தால்? இரண்டுமே மஞ்சளானால், வேலை மட்டுமா போகும்? இனி அவள் தெருவிலிருந்து ஒருத்திக்கும் இந்த அடுப்பு கிடைக்காது.

மூடியைத் திறந்தார்கள். போர்த் தண்ணீர்ச் சோறு மஞ்சள். குழாய்த் தண்ணீர்ச் சோறு வெள்ளை.

"மஞ்சச் சோறு வெந்த அடுப்புல தீ கூடுதலா எரிஞ்சுச்சு," என்றார் செல்வக்குமார் விடாமல்.

"அப்ப அடுப்ப மாத்தி வச்சு இன்னொரு தடவ வேக வைப்போம்ப்பா," என்றாள் முத்துமீனா. அவர் மகளை முறைத்தார். அவள் அசையவில்லை.

மறுபடியும் அரிசி அளந்தார்கள். மறுபடியும் அந்தக் காத்திருப்பு. அடுப்பு மாறியது, மஞ்சள் போர்த் தண்ணீரோடேயே போனது.

அதிகாரி அப்போதே இணைப்பை நிறுத்தச் சொல்லி, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பினார். செல்வக்குமார் வண்டியைக் கிளப்பினார்.

"நாளையிலருந்து நீங்களே சமைங்கம்மா," என்றார் தலைமையாசிரியர்.

"சமைக்கிறேன் சார். அடுத்த தடவ ஏதாச்சும் ஆச்சுன்னா, என்னைய அடுப்ப விட்டு நிறுத்துறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேளுங்க."

அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "கேக்குறேன்மா," என்றார்.